நஞ்சுமுறியும் உயிர்க்கலமும்

தை பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வயல்களில் அருவி வெட்டுத் தொடங்கிவிடும். மாரி மழையை நம்பி விதைத்த நெல் தென்மராட்சியிலும் வலிகாமத்திலும் பொன்னிறமாகச் சாய்ந்து நிற்கும். வெட்டிய கதிரைக் கட்டிச் சூடு வைத்த இடத்துக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். வீட்டு வளவிலும் நிலைமை இதுவே. பனையோலை அடுக்கிய கொட்டிலும், கிடுகு வேலியின் அடியும், கற்குவியலும், விறகுக் கட்டும் பாம்புக்கு உகந்த உறைவிடங்கள். உழவன் கால் வைக்கும் இடத்திற் பாம்பும் இருப்பது இந்நிலத்திற் புதுமையன்று. நயினாதீவில் நாகபூசணி அம்மனை வழிபடும் மக்கள் நாகத்தைத் தெய்வத்தோடு சேர்த்து எண்ணியமைக்கு அச்சமும் மதிப்பும் ஒருங்கே காரணமாயிருந்திருக்கலாம்.

அந்தி சாயும் வேளையில் வரப்பின்மேல் நடந்து வருகின்ற ஓர் உழவரை எண்ணிப் பார்க்கலாம். புறங்காலில் முள் தைத்தாற்போல ஒரு வலி. குனிந்து பார்க்கிறார், தடித்த உடலும், முதுகிற் சங்கிலி கோத்தது போன்ற வட்டங்களும் உடைய பாம்பு ஒன்று சீறியவாறு வைக்கோலுக்குள் மறைகின்றது. முத்திரைப் புடையன் என்றும் கண்ணாடி விரியன் என்றும் மக்கள் சொல்வது அதனையே. உறவினர் அவரை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே வைத்தியர் முதலிற் செய்வது மிக எளிய ஒரு சோதனை. துப்புரவான கண்ணாடிக் குழாயிற் சிறிதளவு குருதியை எடுத்து, 20 நிமிடம் அசையாது வைத்து, பின்னர் சரித்துப் பார்க்கிறார். குருதி உறைந்திருந்தால் ஆறுதல். தண்ணீர்போல் வழிந்தால், நஞ்சு உடலிற் கலந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பது பொருள். உடனே சிறு சீசாக்கள் திறக்கப்படுகின்றன. ஒவ்வொன்றினுள்ளும் உலர்ந்த தூள் சிறிது இருக்கின்றது. அதனைத் தூய நீரிற் கரைத்து நாளத்தின் வழியே செலுத்துகின்றனர். ஒரு சீசாவோ இரண்டோ போதாது. பத்தும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும்.

நோயாளியின் உயிர் இப்போது அந்தத் தூளின் கையில் இருக்கின்றது. அது நஞ்சுமுறி மருந்து எனப்படுவது. இலங்கை வைத்தியசாலைகள் அதனை நீண்ட காலமாக இந்தியாவிலிருந்தே பெற்று வருகின்றன. அந்தச் சீசா யாழ்ப்பாணம் வந்து சேர்வதற்கு முன்னர் கடந்து வந்த வழி வியப்பூட்டுவது. அவ்வழியில் ஒரு பழங்குடி மக்கள் இருக்கின்றனர், பாம்புகள் இருக்கின்றன, குதிரைகள் இருக்கின்றன. அவ்வழியை விடுத்து வேறொரு வழியை அறிவியலாளர் இப்போது தேடுகின்றனர். அந்தப் புதிய வழியிற் குதிரைக்குப் பதிலாக நிற்பது கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர்க்கலம்.

சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரத்துக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்னும் ஊர் உண்டு. இருளர் என்னும் பழங்குடியினர் அப்பகுதிக் காடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள். பாம்புத் தோல் வணிகமே அவர்களுக்குச் சோறு போட்டது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர் அவ்வணிகம் நின்றுபோக, அவர்கள் பிழைப்பு இழந்தனர். அந்நிலையில், பாம்பைக் கொல்லாது அதன் நஞ்சை மட்டும் எடுத்து விற்கலாம் என்னும் எண்ணம் தோன்றியது. ரோமியுலஸ் விற்றேக்கர் என்னும் பாம்பியல் அறிஞரின் துணையோடு 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளையும் பிடித்து, மட்பானைகளிற் சில வாரம் வைத்து, நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அவர்களது முறை. இந்தியாவின் நஞ்சுமுறி உற்பத்திச் சாலைகள் பயன்படுத்திய நஞ்சிற் பெரும் பகுதி இச்சங்கத்திலிருந்து சென்றதே. இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கும் இந்திய அரசு 2023 இற் பத்மசிறீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

உலர்த்திய நஞ்சு பின்னர் குதிரைப் பண்ணைக்குச் செல்கின்றது. குதிரையின் உடலில் மிகச் சிறு அளவு நஞ்சை முதலிற் செலுத்துகின்றனர். நாட்கள் செல்லச் செல்ல அளவைக் கூட்டுகின்றனர். அளவு சிறிதாகையாற் குதிரை சாவதில்லை. ஆயினும் அதன் உடல் இந்த அயற்பொருளை அடையாளம் கண்டு, அதனைப் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் புரதங்களை ஆக்குகின்றது. இவற்றைப் பிறபொருளெதிரிகள் என்பர். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல, நஞ்சிலுள்ள ஒவ்வொரு புரதத்துக்கும் பொருந்தும் வடிவுடைய பிறபொருளெதிரி உண்டாகின்றது. போதிய அளவு உண்டானதும் குதிரையின் குருதியிற் சிறிது எடுத்து, செங்கலங்களைத் திரும்பவும் அதன் உடலிற் செலுத்திவிட்டு, எஞ்சிய தெளிந்த நீரிலிருந்து பிறபொருளெதிரிகளைப் பல படிகளாகப் பிரித்து எடுக்கின்றனர். பெப்சின் என்னும் நொதியத்தால் வெட்டி, தீமை செய்யக்கூடிய பகுதியை நீக்கி, உலர்த்திச் சீசாவில் அடைக்கின்றனர். இவ்வாறு செய்த மருந்தின் 1 மில்லிலீற்றர் கரைசல், நாகத்தின் நஞ்சில் 0.6 மில்லிகிராமையும், கட்டு விரியனின் நஞ்சில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கவேண்டும் என்பது இந்தியாவில் வகுக்கப்பட்ட அளவு.

குதிரையின் துணையை நாடும் இம்முறைக்கு வயது நூற்றாண்டுக்கு மேல். 1890 இல் ஜெர்மனியில் எமில் பொன் பேரிங், ஜப்பானியரான கிட்டசாட்டோ ஆகிய இருவரும், நோய்நஞ்சுக்குப் பழகிய ஒரு விலங்கின் குருதிநீர் மற்றொரு விலங்கையும் காக்கும் என்று காட்டினர். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1894 இல், பிரான்சு நாட்டிற் பிசாலி, பெர்த்திரான் என்னும் இருவரும், கல்மெத் என்னும் அறிஞர் தனித்தும், அதே உண்மை பாம்பு நஞ்சுக்கும் பொருந்தும் என நிறுவினர். அன்றிலிருந்து இன்றுவரை இம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது. பாம்புக் கடிக்கு இதனிலும் உறுதியான மருந்து இன்றளவும் வைத்தியசாலைகளின் கைக்கு வரவில்லை.

அங்ஙனமாயின் வேறு வழியை ஏன் தேடவேண்டும்? காரணங்கள் பல. அவற்றுள் முதலாவது, குதிரையின் புரதம் மனிதனுக்கு அயற்பொருளாக இருப்பது. பாம்பின் நஞ்சைக் குதிரையின் உடல் அயலெனக் கண்டது போலவே, குதிரையின் புரதத்தை மனித உடல் அயலெனக் கண்டு எதிர்க்கின்றது. உடலெங்கும் தடிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல், குருதியழுத்த வீழ்ச்சி ஆகியன தோன்றும். சிலவேளை உயிருக்கே ஆபத்தாகும். இலங்கை மருத்துவர்கள் 1007 நோயாளரிடம் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களில் நால்வருக்கு மூவர் என்ற அளவில் இத்தகைய எதிர்விளைவு காணப்பட்டது. மருந்து செலுத்துவதற்கு முன்னர் சிறிதளவு அதிரனலினைத் தோலின் கீழ் ஏற்றினால் கடுமையான எதிர்விளைவுகள் பெரிதும் குறையும் என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று. அவ்வறிவு இன்று உயிர்களைக் காக்கின்றது. ஆயினும் மருந்துக்கே மருந்து வேண்டியிருக்கும் நிலை வைத்தியருக்கு நிம்மதி தருவதன்று.

இரண்டாவது காரணம், சீசாவிலுள்ள புரதம் யாவும் பயன்படுவனவல்ல என்பது. குதிரை தன் வாழ்நாளிற் கண்ட தூசு, கிருமி முதலிய அனைத்துக்கும் எதிராக ஆக்கிய புரதங்களும் அதே குருதியில் இருக்கின்றன. நஞ்சை முறிக்கும் பகுதி அவற்றுள் ஒரு சிறு பங்கே. நாலு மரக்கால் நெல்லுக்காக ஒரு வண்டிச் சூடு முழுவதையும் வீட்டுக்குள் இழுத்து வருவது போன்றது இது. வேண்டாத வைக்கோலே நோயாளிக்குத் தொல்லையாகின்றது.

மூன்றாவது காரணம் ஊருக்கு ஊர் நஞ்சு வேறுபடுவது. பாக்கு நீரிணையின் இருகரையிலும் உள்ள பாம்பு ஒரே பெயருடையதாயினும் அதன் நஞ்சு ஒரே தன்மையுடையதன்று. இலங்கையிற் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்குக் குருதி உறையாமையோடு கண்ணிமை தாழ்தலும் பரவலாகக் காணப்படுவதை மருத்துவர்கள் நெடுநாளாக அறிவர். யாழ்ப்பாணத்து மணற்பாங்கான நிலத்திற் சுருட்டை விரியன் மிகுதி. போதனா வைத்தியசாலைக்கு வந்த நோயாளரைக் கொண்டு 2012 இல் வெளியான ஓர் ஆய்வு, இங்குள்ள சுருட்டையின் கடி ஆபிரிக்காவில் உள்ள அதன் உறவினத்தின் கடியைப் போன்று கொடியதன்று எனக் காட்டியது. தெற்கே ஈரவலயத்தில் மிகுந்து காணப்படும் கோப்பி விரியனுக்கோ, இந்திய நஞ்சுமுறி பயன் தருவதேயில்லை. அதன் நஞ்சு குதிரைக்குக் கொடுக்கப்படவில்லை என்பதே காரணம். இக்குறையை நீக்கவே பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்கள் கொஸ்தாரிக்கா நாட்டு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு புதிய நஞ்சுமுறி ஒன்றை ஆக்க முயன்றனர். அதன் ஆய்வுக்கூட முடிவுகள் 2016 இல் வெளிவந்தன. அங்கும் மருந்தை ஆக்கியது குதிரையே.

இக்குறைபாடுகள் இலங்கைக்குச் சிறியன அல்ல. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பின்படி, ஆண்டொன்றில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கின்றது. அவருள் ஏறத்தாழ 30,000 பேரின் உடலில் நஞ்சு ஏறுகின்றது. 400க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். உலகெங்கும் ஆண்டுதோறும் 81,000 முதல் 138,000 வரையானோர் பாம்புக் கடியால் மடிகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2017 இல் அந்நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் வரிசையிற் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்னும் சொல் பொருத்தமானதே. கடிபடுவோர் பெரும்பாலும் உழவரும் கூலியாட்களும். அவர்களுக்காக மருந்து செய்வதில் வணிகருக்கு வருவாய் குறைவு.

புதிய வழியைப் புரிந்துகொள்ளச் சிறிது விலகி வேறொரு மருந்தைப் பார்க்க வேண்டும். குடாநாட்டில் நீரிழிவு நோயாளர் இல்லாத ஊர் இல்லை. ஆகையால் இன்சுலின் என்னும் பெயரை அறியாதாரும் இல்லை. 1921 இற் கனடாவின் தொறன்ரோ நகரிற் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவரும் விலங்கின் கணையத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டு ஜனவரியில், இறக்கும் தறுவாயில் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது உயிர் கொடுத்தது. அதன் பின்னர் ஏறத்தாழ 60 ஆண்டுகள் உலகத்து நீரிழிவு நோயாளருக்கு வேண்டிய இன்சுலின் முழுவதும் கசாப்புச் சாலைகளிற் கொல்லப்பட்ட பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே வந்தது. அது மனித இன்சுலினை ஒத்ததேயன்றி முற்றிலும் ஒன்றன்று. சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாயிற்று. சமயக் கொள்கையால் அவ்விலங்குகளை விலக்கியோர்க்கு மனவருத்தமும் இருந்தது. 1978 இல் அமெரிக்க அறிஞர்கள் ஒரு நுண்ணுயிரைக் கொண்டே மனித இன்சுலினை ஆக்கிக் காட்டினர். 1982 இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. நுண்ணுயிர் மனிதப் புரதத்தை ஆக்குவது எவ்வாறு?

யாழ்ப்பாணத்தாருக்கு ஏட்டுச் சுவடி பழக்கமானது. பனையோலையில் எழுதி, துளையிட்டு, கயிற்றாற் கோத்துக் கட்டியது சுவடி. ஓலை பழுதாகுமுன்னர் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிக் காப்பது ஏடெழுதுவோர் தொழில். ஒவ்வோர் உயிர்க்கலத்தினுள்ளும் இத்தகைய சுவடி ஒன்று இருக்கின்றது. டீ.என்.ஏ. என்பது அதன் பெயர். அதில் உள்ள எழுத்துக்கள் நான்கே. மும்மூன்று எழுத்துக்கள் சேர்ந்து ஒரு சொல்லாகின்றன. ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோவமிலத்தைக் குறிக்கின்றது. அமினோவமிலங்களை வரிசையாகக் கோத்தாற் புரதம் உண்டாகும். ஒரு புரதத்துக்கான குறிப்பு அடங்கிய ஏடே பரம்பரையலகு அல்லது மரபணு. இன்சுலினுக்கான ஏடு சிறியது. ஏனெனில் இன்சுலினில் உள்ளவை 51 அமினோவமிலங்களே.

இதில் மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மனிதன், குதிரை, பனை, பற்றீரியா ஆகிய எல்லாவற்றின் சுவடியும் ஒரே எழுத்தில், ஒரே மொழியில் எழுதப்பட்டுள்ளது. ஆகவே மனிதச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து, பற்றீரியாவின் சுவடிக் கட்டை அவிழ்த்து, இடையே கோத்துக் கட்டிவிட்டால், பற்றீரியா அதனைத் தன் ஏடென்றே எண்ணிப் படிக்கும். ஏடெழுதுபவன் பொருளறியாவிடினும் கண்டவாறே எழுதிச் செல்வது போன்றது இது. 1973 இல் அமெரிக்காவில் ஸ்ரான்லி கோகன், ஹேர்பேட் போயர் ஆகியோர் இவ்வாறு ஏடு கோக்கும் வழியைக் கண்டனர். டீ.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டுவதற்கு ஒருவகை நொதியமும் ஒட்டுவதற்கு மற்றொரு வகை நொதியமும் அவர்களுக்குக் கருவியாயின. ஏடு பெற்ற பற்றீரியாவுக்கு இனிப்பும் உப்பும் சூடும் கொடுத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். பத்து மணி நேரத்தில் ஒன்று நூறு கோடிக்கு மேற்பட்டதாகும். ஒவ்வொன்றிலும் புதிய ஏட்டின் படி ஒன்று இருக்கும். ஒவ்வொன்றும் அந்தப் புரதத்தை ஆக்கும்.

கள்ளை நுரைக்கச் செய்வதும் அப்பமாவைப் புளிக்கச் செய்வதும் மதுவம் என்னும் நுண்ணுயிர். அதுவும் இத்தொழிலுக்கு ஏற்றது. செங்கண்மாரி ஆகிய ஈரல் அழற்சியின் பி வகைக்கு எதிரான தடுப்பு மருந்து 1986 முதல் மதுவக் கலத்தின் உதவியோடு ஆக்கப்படுகின்றது. தொடக்கத்தில் அம்மருந்தின் விலை ஏழைநாட்டாருக்கு எட்டாததாயிருந்தது. ஐதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டி என்பவர் நிறுவிய சாந்தா உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் 1997 இல் அதனை இந்தியாவிலேயே ஆக்கி, இறக்குமதி மருந்தின் விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்றது. மரபணுவைக் கையாண்டு இந்தியர் தாமே ஆக்கிய முதல் மருந்து அதுவே. அறிவு எங்குப் பிறந்தாலும், அது எளியவன் கைக்கு எட்டுவதற்கு உள்ளூர் முயற்சி வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

எல்லாப் புரதமும் இன்சுலின்போல் எளிதானதன்று. பிறபொருளெதிரி ஒன்றில் ஏறத்தாழ 1,300 அமினோவமிலங்கள் உண்டு. நான்கு இழைகள் உரிய முறையில் மடிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, குறித்த இடத்தில் வெல்லக் கூறுகளும் ஒட்டியிருந்தாலே அது செம்மையாக வேலை செய்யும். பற்றீரியாவுக்கு அவ்வளவு கைத்திறன் இல்லை. எனவே முலையூட்டிகளின் கலத்தை நாடினர். சீனத்து எலியினம் ஒன்றான ஹம்ஸ்ரரின் சூலகத்திலிருந்து 1957 இல் அமெரிக்காவிற் பிரித்தெடுத்த கலங்கள், அன்று தொட்டு இன்றுவரை கண்ணாடிக் குடுவையிலும் உருக்குக் கலனிலும் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல், புற்றுநோய்க்கான பிறபொருளெதிரிகள் வரை பல மருந்துகளை இக்கலங்களே ஆக்குகின்றன.

கலத்துக்குப் பதிலாக முழு விலங்கையே தொழிற்சாலையாக்கும் முயற்சியும் நடந்துள்ளது. ஆட்டின் கருவில் மனித மரபணுவைச் சேர்த்து, அது பாலில் மட்டும் வெளிப்படுமாறு அமைத்தால், பாலைக் கறந்து மருந்தைப் பிரித்தெடுக்கலாம். குருதி வீணே உறைவதைத் தடுக்கும் மனிதப் புரதம் ஒன்று இவ்வாறு வெள்ளாட்டுப் பாலிலிருந்து ஆக்கப்பட்டு 2006 இல் ஐரோப்பாவிலும் 2009 இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. ஆயினும் இவ்வழி பெருவழக்காகவில்லை. விலங்கைப் பேணும் செலவும், அதன் நலம் பற்றிய கேள்வியும், நோய் தொற்றாது காக்கும் பொறுப்பும் ஒருபுறமிருக்க, குடுவையிற் கலத்தை வளர்ப்பது நாளடைவில் எளிதாயிற்று என்பதே முதற் காரணம்.

இனி உழவரின் புறங்காலுக்குத் திரும்பலாம். நஞ்சை முறிக்கும் பிறபொருளெதிரியின் ஏடு எதுவென்று கண்டுகொண்டால், அதனைக் கலத்தின் சுவடியிற் கோத்துவிடலாம். அதுவும் மனிதப் பிறபொருளெதிரியாயின் உடல் அதனை அயலென ஒதுக்காது. சீசாவில் உள்ள முழுவதும் நெல்லாயிருக்கும்; வைக்கோல் இராது. ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு தரமாக இன்றி, ஒரே தரமாயும் இருக்கும். இதுவே புதிய வழியின் கருத்து. 2024 பெப்ரவரியிற் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கார்த்திக் சுனகரும் அமெரிக்க, ஆங்கில நாட்டு அறிஞரும் இணைந்து இத்தகைய பிறபொருளெதிரி ஒன்றை வெளியிட்டனர். நாகம், கட்டு விரியன் ஆகியவற்றின் குடும்பத்துப் பாம்புகளின் நஞ்சில், நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை மறிக்கும் புரதங்கள் உள. அக்கட்டளையை ஏற்கும் வாயிலிற் போய் அடைத்துக்கொள்வது அவற்றின் இயல்பு. புதிய பிறபொருளெதிரி அந்த வாயிலைப் போன்றே உருவங்காட்டி, நச்சுப் புரதத்தை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றது. ஆசியாவையும் ஆபிரிக்காவையும் சேர்ந்த வெவ்வேறு பாம்புகளின் நஞ்சிலிருந்து அது ஆய்வுக்கூட எலிகளைக் காத்தது.

2025 ஜனவரியில், முந்திய ஆண்டு நோபல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் குழுவினர், இயற்கையில் இல்லாத சிறு புரதங்களைக் கணினியால் வடிவமைத்து, அவையும் இந்நச்சுப் புரதங்களைப் பிடிப்பதைக் காட்டினர். அதே ஆண்டு டென்மார்க் நாட்டு அறிஞர், ஒட்டகக் குடும்பத்து விலங்குகளின் உடலில் ஆபிரிக்கப் பாம்புகள் 18 இன் நஞ்சைச் செலுத்தி, அவை ஆக்கிய மிகச் சிறிய பிறபொருளெதிரிகளிற் சிறந்த எட்டின் மரபணுக்களைத் தேர்ந்து கலவை செய்தனர். அக்கலவை 18 இல் 17 பாம்புகளின் நஞ்சுக்கு எதிராக எலிகளைக் காத்தது. இங்கும் ஒரு விலங்கு வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆயின் வேறுபாடு ஒன்றுண்டு. பழைய முறையில் ஒவ்வொரு சீசாவுக்கும் குதிரையின் குருதி வேண்டும். புதிய முறையில் விலங்கு ஒருமுறை ஏட்டைக் கொடுத்துவிட்டால் போதும். பின்னர் படியெடுப்பது நுண்ணுயிரின் வேலை.

இவற்றைக் கேட்டதும், நாளையே மருந்து வந்துவிடும் என்று எண்ணுதல் தகாது. மேற்கூறியவை யாவும் எலிகளில் நிகழ்ந்தவை. மனிதரிற் சோதித்து, தீங்கில்லை என்றும் பயனுண்டு என்றும் நிறுவப் பல ஆண்டுகள் செல்லும். பெற்ற வெற்றியும் நாகத்தின் குடும்பத்துப் பாம்புகளைப் பற்றியதே. யாழ்ப்பாணத்து உழவரைக் கடித்த கண்ணாடி விரியனும், சுருட்டை விரியனும் வேறு குடும்பத்தன. அவற்றின் நஞ்சிற் குருதியையும் திசுவையும் சிறுநீரகத்தையும் தாக்கும் பெரிய நொதியங்கள் பல உள்ளன. அவை அனைத்துக்கும் ஈடுகொடுக்கும் கலவையை ஆக்குவது கடினமான பணி. விலையும் ஒரு தடை. செல்வ நாடுகளுக்காக ஆக்கப்படும் பிறபொருளெதிரி மருந்துகள் ஏழை உழவன் எட்டிப் பார்க்க இயலாத விலையின. ஈரல் அழற்சித் தடுப்பு மருந்தில் ஐதராபாத்து முயற்சி செய்ததை, நஞ்சுமுறியிலும் யாரேனும் செய்தாலன்றி, புதிய மருந்து புத்தகத்தில் மட்டுமே இருக்கும்.

மரபணுவைக் கையாளுதல் பற்றிய ஐயங்களும் புறக்கணிக்கத் தக்கன அல்ல. இம்முறை தோன்றிய இரண்டே ஆண்டுகளில், 1975 இல், அறிஞர்கள் தாமே கலிபோர்னியாவில் அசிலோமார் என்னும் இடத்திற் கூடி, எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்று ஆராய்ந்து விதி வகுத்தனர். மூடிய கலனுள் வளரும் கலமும் திறந்த வெளியில் விடும் உயிரினமும் ஒன்றல்ல. அரை நூற்றாண்டாக இன்சுலினைத் தந்துவரும் நுண்ணுயிர் தன் கலனைவிட்டு வெளியே வந்து தீங்கு செய்ததில்லை. எனினும் விழிப்பு வேண்டும்.

எந்த மருந்து வந்தாலும் மாறாத உண்மை ஒன்று உண்டு. அது காலத்தின் அருமை. நஞ்சுமுறி, குருதியில் உலவும் நஞ்சைப் பிடிக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு நுனியையோ சிறுநீரகத்தையோ மீட்டுத் தராது. கட்டு விரியன் பெரும்பாலும் இரவிலே, நிலத்தில் உறங்குவோரைக் கடிக்கின்றது. வலி மிகக் குறைவு; பல்லின் தடமும் தெரிவதில்லை. விடியுமுன் வயிற்றுவலியும் இமை தாழ்தலும் தோன்றினால், அது சாதாரண நோயென்று வீட்டில் இருத்தல் ஆகாது. கடித்த இடத்தைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் ஆகியவை தீமையே தரும். கடிபட்ட காலையோ கையையோ அசையாது வைத்து, நோயாளிக்குத் தைரியம் சொல்லி, நடக்க விடாது, விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே முதலுதவி. பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டும் என்று காலம் போக்குதல் வீண். இரவில் வரப்பில் நடப்பவர் கையில் விளக்கும், காலிற் பாதணியும், உறங்குபவருக்குக் கட்டிலும் நுளம்பு வலையும் இருந்தால், மருந்தே வேண்டாதபடி பலர் தப்பிவிடுவர்.

அந்த உழவருக்கு மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழிந்ததும், வைத்தியர் மீண்டும் கண்ணாடிக் குழாயிற் குருதி எடுத்துச் சரித்துப் பார்க்கிறார். குருதி உறைந்திருக்கின்றது. வடநெம்மேலியில் ஒருவர் பாம்பைப் பிடித்ததும், எங்கோ ஒரு பண்ணையிற் குதிரை குருதி கொடுத்ததும் வீண்போகவில்லை. வருங்காலத்தில் அந்தக் குதிரைக்கு ஓய்வு கிடைக்கலாம்; அதன் இடத்தில், அறிவியலாளர் கோத்த ஏட்டைப் படித்து ஓர் உயிர்க்கலம் வேலை செய்யலாம். அந்நாள் வரும்வரை, உலர்ந்த தூள் அடங்கிய அச்சிறு சீசாக்கள் குடாநாட்டு வைத்தியசாலைகளில் எந்நேரமும் இருத்தல் வேண்டும். அவற்றைத் தேடி மக்கள் காலந்தாழ்த்தாது வருதலும் வேண்டும்.